ஷேப் நோட் பாட்டு: பதினாலு பேர் பாடியும் கேரல் மாதிரியே கேக்குது, எங்க தப்பு?

பெரம்பூர்_ஆல்டோ:
சேக்ரட் ஹார்ப்ங்கிற அமெரிக்கப் பக்திப் பாட்டுப் புத்தகத்தை (சுரத்தைப் புள்ளியோட வடிவத்தால காட்டுற ஷேப் நோட் புத்தகம்) வெச்சு மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு, ஆராதனை முடிஞ்சதும் ஹால்ல பாடுறோம். நாலு குரல் பிரிவு: டெனர் (மெட்டு) 7, பேஸ் (கீழ்க்குரல்) 3, ட்ரெபிள் (மேல்குரல்) 2, ஆல்டோ (நடுக்குரல்) 2. பாதிப் பேர் கொயர்ல டானிக் சோல்ஃபா (டோ ரே மீ-ன்னு எழுத்துல வர்ற குறிப்பு) பார்த்துப் பழகினவங்க, ரெண்டு பேருக்கு வாய்ப்பாட்டு தெரியும், மிச்சம் கேள்வி ஞானம். வடிவத்தைப் படிக்கிறதுல ஆளுக்கொரு குழப்பம். அதைவிடப் பெரிய சிக்கல், பதிவு பண்ணிக் கேட்டா கிறிஸ்துமஸ் கேரல் மாதிரி மெத்துனு இருக்கு. இந்தப் பாட்டுக்குன்னு இருக்கிற கரகரப்பு வரல. கத்திப் பார்த்தோம், தொண்டை கட்டினதுதான் மிச்சம்.

ராயபுரம்_சுருதி:
முதல்ல வடிவம். தடுமாறப்போறது உங்க கொயர்காரங்கதான். சோல்ஃபால மீ மூணாவது சுரம், இங்க மீ ஏழாவது. அந்தப் பேரை மறக்கச் சொல்லாதீங்க, நடக்காது. வடிவத்தைப் பார்த்ததும் வாய் தானா சொல்றவரைக்கும் ஸ்கேலை மட்டும் ஏத்தி இறக்குங்க, பத்து நிமிஷம் போதும். முக்கோணம் ஃபா, வட்டம் சோல், சதுரம் லா, டைமண்ட் மீ.

வாய்ப்பாட்டுக்காரங்களுக்கு இது சுலபம். சங்கராபரணத்து ஸ ரி க ம ப த நி இங்க ஃபா சோல் லா ஃபா சோல் லா மீ. ஸ-ரி-க ஏறுற இடைவெளியும் ம-ப-த ஏறுற இடைவெளியும் ஒண்ணே, அதனாலதான் அதே மூணு பேர் ரெண்டு தடவை வருது. கிட்டக்கிட்ட இருக்கிறது க-ம, நி-ஸ ரெண்டே ஜோடி. அதாவது கீழ இருந்து ஃபாவுக்கு ஏறுற படி எப்பவும் சின்னப் படி, மத்ததெல்லாம் முழுப் படி. இந்த ஒரு விதியை பலகைல எழுதி மாட்டுங்க.

மைனர்ல லா தான் ஸட்ஜமம்: லா மீ ஃபா சோல் லா ஃபா சோல். அச்சுல பார்த்தா நடபைரவி. ஆனா பழைய பாடகர்கள் ஆறாவது சுரத்தைப் பல இடத்துல தூக்கித்தான் பாடுவாங்க, கரகரப்பிரியா தைவதம் மாதிரி. அச்சுல இருக்கிறபடியே பாடினா தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா அந்த உறைப்பு குறையும்.

ஜெராக்ஸ் விஷயத்துல கவனம். அகலவாக்கு பக்கத்தைச் சுருக்கி எடுத்தா சதுரமும் டைமண்டும் ஒரே புள்ளியா தெரியும். ஒரு ஏ4 தாளைப் படுக்கவெச்சு ஒரே பக்கம் எடுங்க. ஃபாவோட முக்கோணம் காம்பு மேல போனா ஒரு பக்கம், கீழ போனா மறுபக்கம் திரும்பி நிக்கும். ரெண்டும் ஃபாதான், புதுசா வர்றவங்க இதுலயும் முழிப்பாங்க.

தண்டையார்பேட்டை_பேஸ்:
சோல்ஃபாகாரங்க அதிகம்னா ஏழு வடிவப் புத்தகம் எடுத்துடலாமே? 1846-லயே வந்துடுச்சு, டோ ரே மீ அப்படியே இருக்கும்.

ராயபுரம்_சுருதி:
எடுக்கலாம். ஆனா சேக்ரட் ஹார்ப் 1844-ல வந்ததுல இருந்து நாலு வடிவம்தான். இவங்களுக்கு வேணுங்கிற சத்தமும் அந்தப் புத்தகத்துல இருக்கு.

திருவொற்றியூர்_டெனர்:
சத்தத்துக்கு வர்றேன். உங்க எண்ணிக்கையிலயே பதில் இருக்கு. மெட்டு டெனர்ல வருது, அதுல ஏழு பேரைப் போட்டா மத்த மூணு குரலும் பக்கவாத்தியம் ஆயிடும். டெனர் 4, ட்ரெபிள் 4, ஆல்டோ 3, பேஸ் 3னு மாத்துங்க. ட்ரெபிள்னா பெண்கள் மட்டும் இல்ல. டெனர்லயும் ட்ரெபிள்லயும் ஆணும் பெண்ணும் கலந்து, ஒரு ஸ்தாயி தள்ளிப் பாடணும். அப்பத்தான் நாலு குரல் ஆறு குரலா கனக்கும். ஆல்டோவுக்கு ஆள் வராத அன்னிக்கு விட்டுட்டே பாடலாம். பழைய பாட்டுல பலதும் முதல்ல மூணு குரல்தான், ஆல்டோ பெரும்பாலும் பிற்பாடு சேர்த்தது, முக்கியமா 1911 பதிப்புல.

நாற்காலியை மேடையைப் பார்த்துப் போட்டிருந்தா அதையும் மாத்தணும். நாலு பக்கமும் உள்நோக்கி, நடுவுல ஆறுக்கு ஆறு அடி காலி. டெனருக்கு எதிர்ல ஆல்டோ, ட்ரெபிளுக்கு எதிர்ல பேஸ். பாட்டு நடத்துறவர் நடுவுல டெனரைப் பார்த்து நிப்பார், ஒண்ணு ரெண்டு பாட்டு முடிஞ்சதும் அடுத்தவர் வருவார். கேக்க வந்தவங்களுக்குன்னு ஒரு பக்கம் ஒதுக்காதீங்க. ஒதுக்கினா உடனே கச்சேரிக் குரல் வந்துடும். எல்லாரும் கையை மேலயும் கீழயும் அசைச்சுக் காலம் போடணும். மூணு எண்ணிக்கைப் பாட்டுல முதல் ரெண்டுக்கு கீழ, மூணாவதுக்கு மேல. ஒவ்வொரு குரலா நுழையுற ஃப்யூகிங் பாட்டுல பெரும்பாலும் பேஸ் ஆரம்பிக்கும். அங்க கை நின்னா, பக்கத்து ஆளோட சேர்ந்து தப்பா நுழைவீங்க.

தொண்டை கட்டினது சுருதியால. அச்சுல ஜி-ன்னு இருந்தா ஜி-யிலதான் பாடணும்னு இல்ல. வடிவம் இடைவெளியைத்தான் சொல்லுது, உயரத்தை இல்ல. நாலு குரல்லயும் உச்சத்துல வர்ற சுரத்தைப் பார்த்து, வேணும்னா ஒண்ணு ஒண்ணரை கட்டை இறக்கி எடுங்க. ஒருத்தர் ஆதார சுரத்தைக் கொடுக்க, ஒவ்வொரு குரலும் தன் முதல் சுரத்தை வடிவப் பேரால பிடிக்கட்டும். முதல் தடவை முழுக்க வடிவப் பேர், அப்புறம்தான் வார்த்தை. கீபோர்டு வேண்டவே வேண்டாம்.

வியாசர்பாடி_தாளம்:
கானா பாடுற ரெண்டு பேரை டெனர் முதல் வரிசைல உட்கார வெச்சா ஒரே நாள்ல சரியாயிடும் 😀

திருவொற்றியூர்_டெனர்:
குரல் அதேதான், ஒத்துக்கிறேன். ரெண்டாவது மாடில இருந்து தள்ளுவண்டிக்காரரைக் கூப்பிடுற குரல். நெஞ்சுல இருந்து வரணும், நடுக்கம் கூடாது, ஒரு இடம் மெதுவா ஒரு இடம் ஓங்கின்னு ஏத்த இறக்கமும் கூடாது. ஆனா கானாவோட இழுப்பும் வாய்ப்பாட்டு கமகமும் இங்க ஆகாது. பல பாட்டு முடியுற இடத்துல காந்தாரமே இருக்காது, வெறும் ஸ-வும் ப-வும்தான். தம்புரா மாதிரி அது நேரா நிக்கணும். ஒருத்தர் ஆட்டினாலும் கலங்கும். கரகரப்புங்கிறது ஆளாளுக்குக் குரல் தனியா தெரியுறது, சுருதி விலகுறது இல்ல. பக்கத்துக் குரலோட கரையணும்னு கொயர்ல சொல்லிக் கொடுத்ததை மட்டும் வாசல்ல விட்டுட்டு வரச் சொல்லுங்க.

பெரம்பூர்_ஆல்டோ:
எல்லாருக்கும் நன்றி. இந்த ஞாயிறே நாற்காலியை மாத்துறோம். தமிழ் வரிகள் போட்டுப் பாடலாமா?

ராயபுரம்_சுருதி:
போடலாம், அசை எண்ணினா மட்டும் பத்தாது. 8.6.8.6 மெட்டுல (வரிக்கு 8, 6, 8, 6 அசை) பல பாட்டு ஒத்தைச் சின்னச் சுரத்துல தொடங்கி, கனம் அடுத்த சுரத்துல விழும். தமிழ்ல கனம் சொல்லோட முதல்ல. அதனால வரியை 'உன்', 'என்' மாதிரி சின்னச் சொல்லுல ஆரம்பிங்க. நீள சுரத்துக்கு நெடில் எழுத்தையே கொடுங்க. குறில் விழுந்தா இழுப்புல 'மலை' 'மாலை' ஆயிடும், 'கல்' 'கால்' ஆயிடும். ஃப்யூகிங் பாட்டுல இன்னும் மோசம், நாலு குரலும் நாலு வார்த்தைல இருக்கும்போது யாருக்கும் எதுவும் புரியாது. முதல்ல எல்லாரும் சேர்ந்தே நகர்ற பாட்டா ரெண்டு எடுத்து முயற்சி பண்ணுங்க.