லண்டன் ஃபிளாட் சர்வீஸ் சார்ஜ்: 18 மாத விதி பற்றி உதவி தேவை

வணக்கம். எங்களுடையது 12 ஃபிளாட் உள்ள லீஸ்ஹோல்டு (நீண்டகாலக் குத்தகை) கட்டடம். கூரைப் பழுதுக்காக நிர்வாகம் ஃபிளாட்டுக்கு 640 பவுண்டு சர்வீஸ் சார்ஜ் (பொதுப் பராமரிப்புக் கட்டணம்) கேட்டிருக்கிறது. ஒருவருக்கு 250 பவுண்டைத் தாண்டும் வேலைக்கு 1985 நில உரிமையாளர்-குத்தகைதாரர் சட்டத்தின் (Landlord and Tenant Act) 20ஆம் பிரிவுப்படி முன்னதாகவே நோட்டீஸ் தந்து கருத்துக் கேட்க வேண்டும். தீர்ப்பாயம் விலக்கு தராதவரை 250க்கு மேல் வாங்க முடியாது. எங்களுக்கு நோட்டீஸே வரவில்லை.

உண்மையான சிக்கல் தேதியில்தான். ஒப்பந்தக்காரரின் பில் 2023 மார்ச்; எங்களிடம் கேட்டது 2024 நவம்பர். செலவு ஏற்பட்ட 18 மாதத்துக்குள் பணம் கேட்கவோ எழுத்தில் அறிவிக்கவோ வேண்டும் என்ற 20B பிரிவின் கெடு தாண்டிவிட்டது. இடையில் எழுத்துமூல அறிவிப்பும் இல்லை. வேலை நடந்த நாளை அல்ல, பில் வந்த அல்லது பணம் கட்டிய நாளை வைத்துத்தான் எண்ண வேண்டும் என்பது தெரியும்.

ஆனால் நிர்வாகம், நாங்கள் கட்டிய முன்பணமே செலவை ஈடுகட்டியதால் 20B பொருந்தாது என்கிறது. அப்படியானால் தனியாக 640 எதற்கு? முன்பணம், செலவு, ரிசர்வ் நிதி (பின்னாளைய வேலைகளுக்குச் சேர்த்துவைக்கும் பணம்) மூன்றையும் ஆண்டுவாரியாகப் பிரித்துப் பார்த்தவர்கள், எந்தக் கணக்குத் தாள்களைக் கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள். 21, 22 பிரிவுகளின்படி கணக்குச் சுருக்கமும் ரசீதுகளும் கேட்கும் மாதிரிக் கடிதம் இருந்தால் பெரிய உதவி.