பால் ஊற்றும் வேலை என் மகனுக்கு: சுங்கை சிப்புட் (பேராக், மலேசியா) வட்டாரப் பெற்றோர் அனுபவங்கள்

பிபிகேஐ அம்மா, சுங்கை சிப்புட்

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஆட்டிசம். தமிழ்ப்பள்ளியில் பிபிகேஐ வகுப்பில், அதாவது சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்பு வகுப்பில் படிக்கிறான். பள்ளியில் நடந்த பொங்கல் விழாவைப் பற்றி எழுதத்தான் வந்தேன்.

நம் பக்கம் விழா என்றாலே பிபிகேஐ பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். பேச்செல்லாம் முடிந்ததும் மேடைக்கு ஏற்றி, ஆளுக்கு ஒரு பையைக் கொடுத்து, படம் பிடித்து இறக்கிவிடுவார்கள். இந்த முறை வகுப்பு டீச்சர் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு பானைக்கும் ஒரு குழு வைத்தார். குழுவில் எல்லா வகுப்புப் பிள்ளைகளும் கலந்திருந்தார்கள். ஒருவர் அரிசி களைய வேண்டும், ஒருவர் பானை கழுத்தில் மஞ்சள் கொத்து கட்ட வேண்டும். பால் ஊற்றுவது என் மகனுடைய வேலை.

அவனுக்குத் திடீர்ச் சத்தம் ஆகாது. எல்லோரும் சேர்ந்து ‘பொங்கலோ பொங்கல்’ என்று கூவினால் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவான். இது டீச்சருக்கும் தெரியும். அதனால் முந்தின வாரமே படம் வரைந்து ஓர் அட்டை செய்துவிட்டார். முதலில் பானை, அப்புறம் பால், தீ, நுரை. அதற்கடுத்த கட்டத்தில் வாயைத் திறந்து கூவும் முகங்கள், பக்கத்திலேயே ஒரு காதுமூடி. கடைசியில் சாப்பாட்டுத் தட்டு. தினமும் காலையில் அதை அவனிடம் காட்டிப் பேசியிருக்கிறார்.

விழா அன்று பால் மெல்ல ஏறி வரும்போது, அவன் குழுவில் இருந்த நான்காம் ஆண்டு மாணவி அந்த அட்டையை அவன் முன்னால் நீட்டி, கூவும் முகத்தின் மேல் விரலை வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவனே காதுமூடியை எடுத்து மாட்டிக்கொண்டான். கூச்சல் எழுந்தது. ஓடவில்லை. பானை விளிம்பில் நுரை வழிவதையே பார்த்து இரண்டு கைகளையும் படபடவென்று ஆட்டினான். சந்தோஷம் வந்தால் அவன் அப்படித்தான். அடுப்புக்குப் பக்கத்தில் நின்ற மற்ற பிள்ளைகளும் அவனோடு சேர்ந்து கைகளை ஆட்டினார்கள். கேலிக்கு இல்லை. பொங்கினால் அப்படித்தான் ஆட்டவேண்டும் என்று நினைத்துவிட்டார்கள் போல.

இதற்கு ஆன செலவு ஓர் அட்டையும் கொஞ்சம் நேரமும். பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள், என்ன நடக்கப் போகிறது என்று முன்கூட்டியே சொல்லுங்கள், பக்கத்தில் ஒரு கூட்டாளியை நிறுத்துங்கள். எல்லோரையும் சேர்த்து நடத்தும் விழா என்றால் எனக்கு இதுதான். உங்கள் பள்ளிகளில் எப்படி நடக்கிறது? எழுதுங்கள்.

பிபிஎம் ஒருவர்

அக்கா, நான் வேறு ஒரு பள்ளியில் பிபிஎம், அதாவது சிறப்புக் கல்விப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் உதவியாளர். டீச்சர் பாடம் நடத்துவார். பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, சாப்பிட வைப்பது, வகுப்பைவிட்டு ஓடும் பிள்ளையின் பின்னால் ஓடுவது எல்லாம் எங்கள் வேலை.

எங்கள் விளையாட்டுப் போட்டியில் பிபிகேஐ பிள்ளைகளுக்கென்று தனியாக ஓட்டம் வைக்கும் பழக்கத்தை நிறுத்தி, அஞ்சலோட்டத்தில் அணிக்கு ஒருவராகச் சேர்த்தோம். விசில் ஊதினால் இரண்டு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் எல்லா ஓட்டத்துக்கும் சிவப்புக் கொடிதான். ‘கொடியைப் பார்த்து ஓட முடியுமா’ என்று கேட்ட ஆசிரியர்கள் உண்டு. காது கேட்காத ஒரு பிள்ளை அன்றைக்கு முதன்முறையாக மற்றவர்களோடு ஒரே நொடியில் கிளம்பினான். அதுவரை அடுத்தவன் ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் அவன் ஓடுவான். கொடி இரண்டு பிள்ளைகளுக்காக வந்தது, மூன்றாவது பிள்ளைக்கும் உதவியது.

நிழலில் ஒரு கூடாரம் போட்டுப் பாய் விரித்து வையுங்கள். கூட்டம் தாங்காத பிள்ளை அங்கே போய்ப் படுத்துக்கொள்ளட்டும். தானாகத் திரும்பி வரும்.

தேவதையின் அம்மா

என் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். மார்ச் 21 உலக டவுன் சிண்ட்ரோம் நாள். 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால் மூன்றாம் மாதம் 21ஆம் தேதியைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த நாளை ஒட்டி ஒரு நிகழ்ச்சிக்கு எங்களை அழைத்திருந்தார்கள். யார் என்று சொல்லப் போவதில்லை. மண்டபம் மாடியில். சக்கர நாற்காலியில் வந்த ஒரு பையனை அவன் அப்பா தூக்கிக்கொண்டு ஏறினார். பிரமுகர் வரும்வரை ஒலிபெருக்கி அலறிக்கொண்டே இருந்தது. பசியில் பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். வந்தவர் பரிசுப் பை கொடுத்தார், படம் எடுத்தார், போய்விட்டார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் என் மகளின் பெயரைக்கூட ஒருவரும் கேட்கவில்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அதே வாரம் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் இரண்டு காலிலும் வெவ்வேறு நிறக் காலுறை போட்டு வந்தார்கள். உலகம் முழுக்க அந்த நாளில் அப்படிச் செய்வார்கள். ‘ஏன் இப்படிப் போட்டிருக்கீங்க’ என்று பாலர் பள்ளிப் பிள்ளைகள் கேட்கக் கேட்க, என் மகளே ‘எனக்காக’ என்று பதில் சொன்னாளாம். பார்த்த டீச்சர் போன் பண்ணிச் சொன்னார்.

தோட்டத்துத் தாத்தா

பிள்ளைகளா, விழாவுக்கு வருவதற்கு முன்னால் பிள்ளை பள்ளிக்கு வரவேண்டுமே. அதைச் சொல்கிறேன். என் பேரன் ஒன்பது வயது வரை லயத்து வீட்டிலேயே இருந்தான். இப்படி ஒரு வகுப்பு இருப்பது எங்களுக்குத் தெரியாது. மாரியம்மன் கோவில் திருவிழாவில் காய்கறி நறுக்கும்போது ஓர் அம்மா என் மருமகளிடம் சொல்லித்தான் விஷயமே தெரிந்தது. பலகையில் ஒட்டும் நோட்டீஸை யார் படிக்கிறார்கள்?

2019 முதல் ‘ஜீரோ ரிஜெக்ட்’ என்ற கொள்கை இருக்கிறது. ஊனத்தைக் காரணம் காட்டிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக்கூடாது. ஓகேயு கார்டுக்கு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டைக்கு, பாரத்தில் டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். அதை கெபாஜிக்கானில், அதாவது சமூகநல இலாகாவில் கொடுக்கவேண்டும். பணம் எதுவும் இல்லை. பள்ளியில் சேர்ந்த பிறகு மாதம் 150 வெள்ளி (ரிங்கிட்) உதவித்தொகை வருகிறது.

‘கார்டு எடுத்தால் பேர் கெட்டுவிடும், தங்கச்சிக்கு மாப்பிள்ளை வரமாட்டான்’ என்று வீட்டிலேயே சண்டை நடந்தது. ஊர் வாயை மூட முடியாது. பேரன் இப்போது தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறான். ஊர் என்ன பேசினால் என்ன?

புது அம்மா

என் பையனுக்கு நாலு வயது. இன்னும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. பேசாத பிள்ளை லேட்டாகப் பேசும் என்று மாமியார் சொல்கிறார். பள்ளி வயது வரட்டும் என்று காத்திருக்கவா?

பிபிகேஐ அம்மா, சுங்கை சிப்புட்

காத்திருக்க வேண்டாம் தங்கச்சி. அத்தை அன்பில்தான் சொல்கிறார், ஆனால் நாலு வயது என்பது காத்திருக்கும் வயது இல்லை. பிள்ளை பிறந்தபோது கிளினிக்கில் கொடுத்த சுகாதாரப் பதிவுப் புத்தகம் இருக்கிறதா? அதில் 18 மாதத்தில் பார்க்கும் ஆட்டிசம் கேள்வித்தாள் இருக்கும். அந்தப் பக்கத்தை நிரப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு அரசாங்க கிளினிக்குக்குப் போய், ‘கூப்பிட்டால் திரும்பவில்லை, பேச்சு இல்லை’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். காதை முதலில் சோதிப்பார்கள். அப்புறம் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுப்பார்கள். பேச்சுப் பயிற்சிக்கு வரிசை நீளம், அதனால்தான் சீக்கிரம் பெயர் கொடுக்கச் சொல்கிறேன். அதுவரைக்கும் பிடிகே நிலையத்தில் விசாரியுங்கள். சமூகநல இலாகா ஆதரவில் நடக்கும் மறுவாழ்வு நிலையம் அது, பள்ளி வயதுக்கு முன்பே சேர்ப்பார்கள்.

தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள், கூட வருகிறேன். அடுத்த மாதம் எங்கள் பள்ளியில் குடும்ப நாள் இருக்கிறது. பையனையும் அத்தையையும் சேர்த்தே கூட்டி வாங்க. அவனுக்கு எந்தச் சத்தம் ஆகாது, என்ன பிடிக்கும் என்று முன்னாடியே சொல்லிவிட்டால் டீச்சர் அவனுக்கும் ஓர் அட்டை வரைந்து வைப்பார்.