வன்னிக்கென ஓர் உயிர்மாய்ப்புத் தடுப்பு ஆலோசனைச் சபை: வேண்டுமா, வேண்டாமா?

குளக்கட்டு எழுதியது:

எங்கள் நாளிதழ்களில் “தவறான முடிவெடுத்து உயிரிழப்பு” என்ற தலைப்பைக் காணாமல் ஒரு மாதம் கழிவதில்லை. ஊரும் வயதும் மாறுகின்றன. தலைப்பு மட்டும் அச்சுக்கோத்து வைத்ததுபோல அப்படியே இருக்கிறது. அந்த மனிதர் அதற்கு முந்திய மாதங்களில் எந்தெந்தப் படலையைத் தட்டினார், எந்த அலுவலகத்தில் “நாளைக்கு வாருங்கள்” என்று திருப்பி அனுப்பப்பட்டார் என்று விசாரித்து, அடுத்தவருக்கு அது நேராமல் பார்க்கும் பொறுப்பை இங்கே எவரும் ஏற்று நான் கண்டதில்லை. ஆகவே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களுக்குமாக, சட்டத்தின் பலத்தோடு ஓர் அரச ஆலோசனைச் சபை அமைக்கப்பட வேண்டும் என்று கோரி ஆளுநருக்கு ஒரு விண்ணப்பம் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

சபை என்றதும் முகஞ்சுளிப்பவர்கள் பழைய கதையொன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் உயிர்மாய்த்து இறந்தார்கள்; அது அன்று உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்று. 1997இல் ஜனாதிபதி ஒரு தடுப்புக் குழுவை நியமித்தார். உயிர்மாய்க்க முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை விதிக்க இடமளித்த, தண்டனைச் சட்டக்கோவையின் 302ஆம் பிரிவு, அதற்கு மறு ஆண்டே நீக்கப்பட்டது. பிழைத்தவர் குற்றவாளி அல்லர் என்று சட்டத்தைச் சொல்ல வைத்தது ஒரு குழுவின் பரிந்துரைதான்.

விடுதித்தாதி எழுதியது:

அண்ணை, உங்கள் அக்கறையை நான் ஐயுறவில்லை. ஆனால் இந்த விண்ணப்பத்தில் நான் கையொப்பமிட மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் வன்னியில் ஒரு அரச வைத்தியசாலையில் பெண்கள் விடுதியில் வேலை செய்கிறேன். சில காலத்துக்கு முன் ஒரு இளம் தாய் பிழைத்து எழுந்தார். மூன்று நாளும் அவருடைய மாமியார் கட்டிலை விட்டு அசையவில்லை. ஆகவே மூன்று நாளும் அவர் வாய் திறக்கவில்லை. கடைசி நாள், துணி மாற்றுவதாகச் சொல்லி அவரைப் படுக்கை விரிப்புகள் அடுக்கும் சிறிய அறைக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருக்கக் கதிரை இல்லை. சலவைக்குக் கட்டி வைத்த மூட்டையின் மேல் அவர் இருந்தார், நான் கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். இருபது நிமிடம் அழுதழுது பேசினார். அதற்குள் என்னை இரண்டு தடவை வெளியிலிருந்து கூப்பிட்டு விட்டார்கள். போகும்போது அவர் கையில் கொடுத்தது அடுத்த வியாழக்கிழமை கிளினிக் அட்டை. அவருடைய ஊருக்கு பஸ் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. கூலி வேலைக்குப் போகிறவர் அந்த ஒரு நாளை எப்படி ஒதுக்குவார்?

அந்த இருபது நிமிடத்துக்கு எந்தச் சபையும் ஆலோசனை சொல்லித் தேவையில்லை. கதவு சாத்தக்கூடிய ஓர் அறையும், அவசரப்படாமல் கேட்கப் பயிற்றப்பட்ட ஓர் ஆளும்தான் தேவை. 2009க்குப் பிறகு உளசமூகப் பணியாளர்கள் ஊர் ஊராக வந்தார்கள். திட்டத்தின் காலம் முடிந்ததும் சனம் மனம் திறந்த அதே நேரத்தில் அவர்கள் போய்விட்டார்கள். இருக்கிற பணத்தை அமர்வுப் படிக்கும் தேநீருக்கும் கரைக்காமல், விட்டுப்போன அந்த ஆட்களை நிரந்தரமாக்குங்கள்.

இன்னொன்று. 1997ஆம் ஆண்டுக் குழுவைக் காட்டுகிறீர்கள். மிகக் கொடிய நச்சுத்தன்மை உள்ள பீடைகொல்லிகளின் இறக்குமதி 1995இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் வீதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்ததற்கு, இப்படிப் படிப்படியாக வந்த தடைகளைத்தான் ஆய்வாளர்கள் முதற்காரணமாகச் சொல்கிறார்கள். குழு பின்னால் வந்து சேர்ந்தது.

குளக்கட்டு எழுதியது:

தங்கச்சி, அந்தத் தடைகளும் வானத்திலிருந்து விழவில்லை. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு பதிவாளரை உருவாக்கி, அவருக்கு ஆலோசனை சொல்ல ஒரு குழுவையும் அமைத்தது. வைத்தியசாலைகளில் எந்த நஞ்சு ஆளைக் கொல்கிறது என்ற கணக்கு அந்த மேசைக்கு வந்தபடியால்தான் 1984, 1995, 1998, பின்னர் 2008 முதல் 2011 வரை என ஒவ்வொன்றாகத் தடை வந்தது. கமம் நின்றுபோகவில்லை, விளைச்சல் விழுந்ததாகவும் ஆய்வுகள் காட்டவில்லை. நீங்கள் எதிர்க்கும் பொருளையே எனக்குச் சான்றாகத் தந்திருக்கிறீர்கள்.

ஆலோசனை இல்லாவிட்டால் நல்ல மனமும் வழி தவறும். பக்கத்து வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களை எடுத்து, பாதிக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்து, பீடைகொல்லி மருந்தைப் பூட்டி வைத்தால் உயிர் தப்புமா என்று பல ஆண்டுகள் பார்த்தார்கள். 2017இல் முடிவு வெளிவந்தது. பெட்டி கொடுத்த ஊருக்கும் கொடுக்காத ஊருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அந்த ஆய்வு நடந்திராவிட்டால் இன்று ஏதாவதொரு நிறுவனம் வன்னி முழுக்கப் பெட்டி பகிர்ந்து படம் எடுத்துக்கொண்டிருக்கும்.

முத்தையன்கட்டான் எழுதியது:

இருவருமே மருந்தைப் பற்றியும் விடுதியைப் பற்றியும் பேசுகிறீர்கள். நான் கடனைப் பற்றிப் பேச வந்தேன்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமரத்தின் கீழ் கிழமைக்கு ஒரு தடவை நுண்கடன் கூட்டம் நடக்கும். பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கு ஒருவர் பிணை நிற்பார்கள். ஒருத்தியின் தவணை குறைந்தால் மற்றவர்கள் எழுந்து போக முடியாது. வெயில் ஏற ஏற, காசில்லாதவளை மற்றப் பெண்கள் பார்க்கும் பார்வையை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கண்டிருக்கிறேன். அவள் அவர்களோடு முகாமில் ஒரே கூடாரத்தில் இருந்தவள். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவள். கடன்காரனின் அதட்டலைவிட அந்தப் பார்வை அவளைக் கூடுதலாக அறுத்திருக்கும் என்றே நான் நம்புகிறேன். 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018இல் வரட்சி பாதித்த மாவட்டப் பெண்களின் சிறுகடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. ஒரு கடன் தள்ளுபடியானால் அதை அடைக்க எடுத்த மற்றக் கடன் நிற்கிறதே!

ஆகவே என் கேள்வி ஒன்றே. உங்கள் சபை கடன் கம்பனிக்கு “இப்படி அறவிடாதே” என்று எழுதினால் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அந்தக் கம்பனிக்கு இருக்குமா? இல்லையென்றால் நான் விடுதித்தாதியின் பக்கம்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் எழுதியது:

தம்பி கேட்டதற்கு முன் இன்னொன்றைத் தீர்க்க வேண்டும். எந்தத் தரவை வைத்துக்கொண்டு அந்தச் சபை ஆலோசனை சொல்லும்? பணியில் இருந்த காலத்தில் மரண விசாரணைகளுக்குப் பல தடவை போயிருக்கிறேன். பிணவறையின் வெளி விறாந்தையில் ஒரு வாங்கு. அதில் கணவனோ தாயோ குந்தியிருப்பார்கள். உடலை வெய்யிலுக்கு முன் கொண்டுபோக வேண்டுமென்ற அவசரம் எல்லோருக்கும். “வீட்டில் ஏதும் பிரச்சினையா?” என்று கேட்பார்கள், அவர்கள் தலையை அசைப்பார்கள், “குடும்பத் தகராறு” என்று எழுதப்படும். கடன், காணாமற்போன மகன், ஆறாத காயத்தின் வலி, குடிகார மருமகன், எல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள் மூடப்பட்டுவிடும். நாடு முழுவதிலும் இன்றும் ஆண்டுக்கு 3,000 அளவில் இறக்கிறார்கள். அந்தக் கணக்கின் காரண நிரல் இப்படி நிரப்பப்பட்டதென்றால், அதைப் பார்த்து எந்தப் பேராசிரியர் என்ன ஆலோசனை சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வராது.

1997ஆம் ஆண்டுக் குழுவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆண்டு மே மாதம் வன்னியில் ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடங்கியது. கொழும்பில் அவர்கள் கூடியிருந்த நாட்களில் நாங்கள் நெடுங்கேணியிலிருந்தும் புளியங்குளத்திலிருந்தும் சட்டி பானையோடு இடம்பெயர்ந்துகொண்டிருந்தோம். எங்களிடம் யார் வந்து கேட்டிருப்பார்கள்? எனவே சபை வேண்டும் என்பதே என் முடிவு. ஆனால் அது இங்கே, மாவட்டச் செயலகத்தில் கூட வேண்டும். இறப்பு நடந்து சில கிழமை கழிந்த பின், பொலிஸ் சீருடை இல்லாத ஒருவர் அந்த வீட்டுக்குப் போய் ஆறுதலாக இருந்து கேட்டறியும் அதிகாரத்தை அதற்குக் கொடுக்க வேண்டும்.

விடுதித்தாதி எழுதியது:

ஐயா, வீட்டுக்குப் போய்க் கேட்பது என்ற ஒன்றுக்காகவே நான் மறுபடி யோசிக்கிறேன். ஆனால் இறந்த வீட்டுக்கு ஆள் அனுப்பமுன், உயிரோடு திரும்பி வந்தவரின் வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள். ஒரு தடவை முயன்றவருக்கே மறுபடி ஆபத்து அதிகம் என்பதை எங்களுக்குப் பயிற்சியில் முதலில் சொல்லித் தருகிறார்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் பகலிலும் அழைக்கலாம். இதை வாசிக்கும் உங்களில் யாருக்காவது மனம் பாரமாக இருந்தால் இப்போதே அழையுங்கள், அல்லது அருகில் உள்ள அரச வைத்தியசாலைக்கு வாருங்கள். என் விடுதியில் அந்த இலக்கத்தை நானேதான் அட்டையில் எழுதி ஒட்டினேன்.

குளக்கட்டு எழுதியது:

முத்தையன்கட்டானின் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். கட்டாயம் இருக்க வேண்டும். யப்பானில் 1998 தொடக்கம் தொடர்ந்து 14 ஆண்டுகள், ஆண்டுக்கு 30,000 பேருக்கு மேல் உயிர்மாய்த்தார்கள். 2006இல் அங்கே இதற்கென்றே ஓர் அடிப்படைச் சட்டம் இயற்றினார்கள். 2016இல் அதைத் திருத்தி, ஒவ்வொரு உள்ளூராட்சி மன்றமும் தன் ஊருக்கான திட்டத்தை வகுக்க வேண்டுமென்று கடமையாக்கினார்கள். கடன் ஆலோசனையும் வேலையின்மையும் அந்தத் திட்டத்துக்குள் வருகின்றன. 2012இல் எண்ணிக்கை 30,000க்குக் கீழே இறங்கியது. ஆகவே விண்ணப்பத்தில் இப்படித் திருத்தியிருக்கிறேன்: சபையின் பரிந்துரை கிடைத்த 60 நாட்களுக்குள், சம்பந்தப்பட்ட திணைக்களமோ நிதி நிறுவனமோ ஏற்பதையோ மறுப்பதையோ காரணத்துடன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். சபை உறுப்பினருள் இருவர் இப்படி ஒருவரை இழந்த வீட்டாராகவும், ஒருவர் விடுதியில் வேலை செய்யும் தாதியாகவும், ஒருவர் கமக்காரர் அமைப்பைச் சேர்ந்தவராகவும் இருக்க வேண்டும்.

தங்கச்சி கேட்ட அறையும் ஆளும் இரண்டாம் பந்தியில் சேர்ந்துவிட்டன.

விடுதித்தாதி எழுதியது:

இரண்டாம் பந்தியில் அல்ல அண்ணை, முதலாம் பந்தியில். ஆளுநருக்குப் போகும் கடிதத்தில் முதற் பந்தியைத்தான் வாசித்துக் குறிப்பெழுதுவார்கள். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018இல் முடிந்தது, அதன் பின் தேர்தல் நடக்கவில்லை. உங்கள் ஆலோசனைச் சபைக்குச் சட்டம் இயற்றத் தெரிவுசெய்யப்பட்ட ஆட்கள் வரும்வரை அந்தத் தாய் எத்தனை வியாழக்கிழமை காத்திருப்பார்? அறைக்குச் சட்டம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும். அதை முதலில் கேளுங்கள், கையொப்பமிடுகிறேன்.

குளக்கட்டு எழுதியது:

சுற்றறிக்கையை அடுத்த அதிகாரி ஒரே நாளில் மீளப்பெறுவார், சட்டத்தை அப்படிச் செய்ய முடியாது. அதனால்தான் சபையை முன்னால் வைத்தேன். இருந்தும் காத்திருக்க முடியாதது எது என்பதில் நீங்கள் சொல்வது சரி. அறையை முதலாம் பந்திக்கு மாற்றிவிட்டேன். விடுதியில் அந்த அறை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், எத்தனை கதிரை வேண்டும் என்பதை நீங்களே எழுதித் தாருங்கள்.

விடுதித்தாதி எழுதியது:

இரண்டு கதிரை. உள்ளே இருந்து பூட்டக்கூடாத, ஆனால் சாத்தக்கூடிய கதவு. மாமியாருக்கு வெளியே ஒரு வாங்கு.