ஏஞ்சலா லான்ஸ்பரி: மேடையில் பார்த்தவர்களும் டிவியில் பார்த்தவர்களும் எழுதுங்கள்

மேடைப்பித்தன், லண்டன்

மியூசிக்கல் நாடகங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் நடிகை ஏஞ்சலா லான்ஸ்பரியை இழுத்துவிடுகிறார். அப்புறம் பேச்சு அவரைவிட்டு நகர்வதே இல்லை. சரி, அவருக்கென்றே ஒரு திரி இருக்கட்டும். நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள். டிவியில் மட்டும் பார்த்தவர்களும் தாராளமாக வரலாம்.

நான் பார்த்தது 2014-இல், இங்கே கீல்குட் தியேட்டரில், 'ப்ளைத் ஸ்பிரிட்'. பாட்டு நாடகம் இல்லை, நோயல் கவர்ட் எழுதிய பேய் நகைச்சுவை. ஆவிகளை அழைக்கும் மேடம் ஆர்காட்டியாக அவர். அப்போது வயது 88. அந்த வயதுக்காரர்களை நம் வீட்டில் தனியாக மாடிப்படி ஏற விடுவோமா? காதோரம் இரண்டு பக்கமும் சுருட்டி வைத்த செம்பட்டைப் பின்னல். கிராமபோனில் இசைத்தட்டைச் சுழலவிட்டு, மயக்கநிலைக்குப் போவதற்கு முன் ஒரு ஆட்டம் ஆடினார் பாருங்கள்! முழங்கை ஒரு திசை, மணிக்கட்டு ஒரு திசை, எகிப்தியச் சுவரோவியத்து உருவம்போல் பக்கவாட்டிலேயே நகர்ந்தார். அரங்கமே சிரித்து உருண்டது. நானும்தான். ஆனால் கூர்ந்து பார்த்தால் ஒரு விரல்கூடத் தாளத்தைவிட்டு விலகவில்லை. எவ்வளவுதான் கோமாளித்தனம் செய்தாலும் காலப்பிரமாணம் பிசகாத ஆள் அவர். பேச்சு நாடகம்தான், ஆனால் நடந்ததும் உட்கார்ந்ததும் பாட்டு நாடகக்காரியின் உடம்பு.

முடிந்ததும் மேடைவாசலில் கூட்டம் காத்திருந்தது. எனக்குக் கடைசி ரயில், அதனால் நிற்கவில்லை. அடுத்த வருடம் இந்த வேடத்துக்காக அவருக்கு லண்டன் நாடக உலகின் ஆலிவியர் விருது கொடுத்தார்கள்.

ஹாரோ பேத்தி

எங்கள் வீட்டில் அவருடைய பெயர் 'சைக்கிள் மனுசி'. அம்மம்மா வைத்த பெயர். 'மர்டர், ஷி ரோட்' தொடரில் ஜெசிகா ஃபிளெட்சருக்குக் கார் ஓட்டத் தெரியாது, ஊர் முழுக்கச் சைக்கிள்தான். கணவனை இழந்த, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. துப்பறியும் கதை எழுதிப் பெயர் வாங்கியவர். போகிற இடமெல்லாம் ஒரு கொலை விழும்.

அம்மம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் மதிய மறு ஒளிபரப்புகளில் இதைப் பார்க்கத் தொடங்கினா. ஆங்கிலம் அவ்வளவு ஓடாது. ஆனால் கொலைகாரனைச் சரியாகச் சொல்லிவிடுவா. எப்படி என்று கேட்டால், "கதைக்கிறது விளங்காட்டிலும் முழி விளங்கும் பிள்ளை." ஒவ்வொரு கதையிலும் கடைசிக் கட்டத்தில் ஒரு நொடி வரும். பக்கத்தில் யாரோ சம்பந்தமில்லாமல் எதையோ சொல்ல, ஜெசிகா பேச்சைப் பாதியில் நிறுத்துவார். உடம்பு அசையாது, கண் மட்டும் எங்கோ போய் நிற்கும். உடனே அம்மம்மா சோபாவில் நிமிர்ந்து, "பிடிச்சிட்டா!" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பிவிடுவா. கொலைகாரன் வாக்குமூலம் கொடுப்பதில் அவவுக்கு அக்கறையே இல்லை.

பிறகு நான் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தபோது 'ஸ்வீனி டாட்' மேடைப் பதிவை வீட்டில் போட்டேன். திருமதி லவெட்டாக அதே மனுசி. "உவ பாடுவாவோ?" என்று அம்மம்மா வாயைப் பிளந்தா. அந்த முதல் பாட்டு தெரியும்தானே? லண்டனிலேயே மோசமான பை (மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடுகிற பலகாரம்) தன் கடையில்தான் கிடைக்கும் என்று தானே சொல்லிக்கொண்டு மாவு பிசைகிற பாட்டு. மாவைப் பலகையில் அறைவது, பைமேல் படிந்த தூசியை ஊதுவது, ஊர்ந்து போகும் பூச்சியை அடிப்பது, எல்லாமே ஸ்டீபன் சோண்ட்ஹைமின் இசைக்குள் இடம் குறித்து வைத்த வேலை. அடி ஒரு அரை நொடி பிந்தினால் வரி கவிழ்ந்துவிடும். மூச்சுவிட இடமில்லாத பாட்டில் இரண்டு கைக்கும் ஓயாத வேலை. மேடைப்பித்தன் அண்ணை சொன்ன அந்தத் தாளம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பைக்குள் போவது மனித இறைச்சி என்று விளங்கியதும் அம்மம்மா சொன்னது: "வெள்ளிக்கிழமையில உதைப் போடாதை."

எடிசன்காரி, நியூ ஜெர்சி

பேத்தி, உங்கள் அம்மம்மாவை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

நான் பார்த்தது 2010-இல், வால்டர் கெர் தியேட்டரில், 'எ லிட்டில் நைட் மியூசிக்'. அதுவும் சோண்ட்ஹைம்தான். கூட்டம் வந்தது சினிமா நட்சத்திரம் கேத்தரின் ஸீட்டா ஜோன்ஸைப் பார்க்க. லான்ஸ்பரிக்கு அதில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கிழவி வேடம், ஒரே ஒரு தனிப்பாட்டு. தன் பழைய காதலர்களையும் அவர்கள் கொடுத்த சொத்துகளையும் கணக்குப் பார்க்கிற பாட்டு. எழுந்து நிற்க முடியாது, ஆட முடியாது, முகமும் குரலும்தான். நடுவில் சொல்லவந்ததை மறந்து தேடுவதுபோல் ஒரு இடம் விடுவார். நிஜமாகவே மறந்துவிட்டாரோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. அடுத்த சொல் மிகச் சரியாக வந்து உட்கார்ந்தது. பக்கத்து இருக்கைப் பெண்மணி மூச்சை விட்டது எனக்குக் கேட்டது.

இவரை நாம் எல்லோரும் கிழவியாகவே பார்த்திருக்கிறோம், அதுதான் வேடிக்கை. லண்டனில் பிறந்து, 1940-இல் குண்டுவீச்சுக்குத் தப்பி அமெரிக்கா வந்தவர். பதினெட்டு வயதில் முதல் படம் 'கேஸ்லைட்' வெளியாகி ஆஸ்கர் பரிந்துரை. அப்புறம் ஹாலிவுட் அவருக்கு அம்மா வேடமாகக் கொடுத்துத் தள்ளியது. 1961-இல் எல்விஸ் பிரெஸ்லிக்கு அம்மா, இருவருக்கும் வயது வித்தியாசம் ஒன்பது வருடம்! அடுத்த வருடம் 'தி மஞ்சூரியன் கேண்டிடேட்'டில் மகனாக வந்த லாரன்ஸ் ஹார்வி அவரைவிட மூன்றே வயது இளையவர். (நம் சினிமாக்காரர்கள் மட்டும்தான் இப்படி என்று திட்டிக்கொண்டிருந்தேன்.)

இளமையைத் திருப்பிக் கொடுத்தது பிராட்வே, அதாவது நியூயார்க் நாடக மேடை. 1964-இல் முதல் மியூசிக்கல் ஒன்பதே காட்சியில் படுத்துவிட்டது. ஆனால் 1966-இல் 'மேம்'. நாற்பது வயதில் படிக்கட்டின் உச்சியில் பொன்னிற உடையில் ஊதுகொம்போடு வந்து நின்றார். ஜெர்ரி ஹெர்மனின் இசை, 1,508 காட்சிகள், முதல் டோனி (பிராட்வேயின் பெரிய விருது). 'டியர் வேர்ல்டு' சரியாக ஓடவில்லை, அதற்கும் டோனி. 'ஜிப்ஸி', 'ஸ்வீனி டாட்' இரண்டுக்கும் டோனி. அப்படியும் 'மேம்' படமானபோது வேடம் லூசில் பாலுக்குப் போனது. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

சும்மா வாசகன், சென்னை

நான் நேரில் பார்க்க வாய்ப்பே இல்லை. எனக்கு அவர் டிஸ்னியின் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' தேநீர்க் குடுவையின் குரல், அவ்வளவுதான். ஒரு சந்தேகம், கோபித்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு பெரிய பாட்டு நாடகக்காரி பன்னிரண்டு வருடம் டிவியில் ஒரே வேடத்தில் கொலை கண்டுபிடித்துக்கொண்டிருந்தது வீண் இல்லையா? டிவிக்கான எம்மி விருதுகூடக் கிடைக்கவில்லை என்று படித்தேன்.

எடிசன்காரி, நியூ ஜெர்சி

கிடைக்கவில்லைதான். ஜெசிகா வேடத்துக்கு மட்டும் பன்னிரண்டு பரிந்துரை, ஆயுள் முழுக்கப் பதினெட்டு, ஒன்றுகூட வெல்லவில்லை. அது எம்மிக்காரர்களுக்குத்தான் வெட்கம்.

வீண் என்று நான் சொல்லமாட்டேன். 1983 நிலவரத்தைப் பாருங்கள். 'மேம்' நாடகத்தை மறுபடி போட்டார்கள், 41 காட்சியில் மூடினார்கள். அதுவும் நான்கு வருடத்துக்கு முன் 'ஸ்வீனி டாட்' ஓடிய அதே அரங்கத்தில். (இப்போது 'விக்கெட்' ஓடுகிற கெர்ஷ்வின் தியேட்டர்தான் அது.) அவருக்கு வயது 57. மேடை கதவைச் சாத்திய நேரத்தில் டிவி திறந்தது. 1984-இலிருந்து 1996 வரை 264 பகுதிகள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண், காதல் ஜோடி கிடையாது, கையில் துப்பாக்கி கிடையாது, ஞாயிற்றுக்கிழமை இரவில் அமெரிக்காவையே உட்காரவைத்தார். போகப்போகத் தயாரிப்பிலும் அவர் கைதான்.

அந்தக் கையால் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். பழைய ஹாலிவுட் நடிகர்கள் பலர் அந்தத் தொடரில் விருந்தினராக வந்து போவார்கள். மேட்லின் ரூ என்ற நடிகைக்கு நரம்பு நோய், சக்கர நாற்காலியில் இருந்தார். வருடத்துக்கு இவ்வளவு சம்பாதித்தால்தான் நடிகர் சங்க மருத்துவக் காப்பீடு தொடரும். அது கைவிட்டுப் போகிற நிலையில் இருக்கிறது என்று தெரிந்ததும், அவருக்காகவே ஒரு நூலகர் பாத்திரத்தை உண்டாக்கித் திரும்பத் திரும்ப வரவைத்தார் லான்ஸ்பரி. உழைத்து வாங்கிய சம்பளம், தானம் இல்லை. மேடையில் மட்டும் இருந்திருந்தால் இதைச் செய்திருக்க முடியாது.

இன்னொன்று. தொடர் முடிந்த அதே 1996 டிசம்பரில் 'மிஸஸ் சாண்டா கிளாஸ்' என்று டிவிக்காகவே ஒரு மியூசிக்கல். பாட்டுகள் அதே ஜெர்ரி ஹெர்மன். கதை சுமார்தான், ஆனால் குரலைப் பூட்டி வைக்கவில்லை என்று தெரியும்.

கடலோரம், ஃப்ரீமான்ட்

என்னுடையது அவரைப் பார்த்த அனுபவம் இல்லை, அவருடைய வீட்டைப் பார்த்த அனுபவம்! அதாவது ஜெசிகாவின் வீடு. தொடரில் கேபட் கோவ் என்ற ஊர் மெய்ன் மாநிலத்தில் இருப்பதாகச் சொல்வார்கள். வெளிப்புறக் காட்சிகளை எடுத்தது நாட்டின் எதிர்க்கோடியில், எங்கள் வடகலிபோர்னியாவின் மெண்டசினோவில். மாமியார் வந்திருந்தபோது அழைத்துப் போனேன். 128 நெடுஞ்சாலையில் வளைந்து வளைந்து போய், ரெட்வுட் மரங்களைத் தாண்டினால் கடல். மரவீடுகளும் வேலிகளும் எல்லாம் பழைய நியூ இங்கிலாந்து சாயல். அந்த வீடு இப்போது 'பிளேர் ஹவுஸ்' என்ற தங்கும் விடுதி. வாசலில் ஒரு அமெரிக்கத் தாத்தா பாட்டியை நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பாட்டி தட்டச்சு செய்வதுபோல் விரலை ஆட்டிக் காட்டினார். மாமியாருக்கு யார் எவர் என்று ஒன்றும் தெரியாது, இருந்தாலும் அவரும் போய்ப் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார். சாலை வளைவுகளில் வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள்.

யாரா நதிக்கரை, மெல்பர்ன்

சுருக்கமாக என் பங்கு. 2013-இல் அவரும் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸும் 'டிரைவிங் மிஸ் டெய்ஸி'யோடு ஆஸ்திரேலியா முழுக்கச் சுற்றினார்கள். இங்கே பார்த்தேன். பாட்டு கிடையாது. ஜோன்ஸின் அந்தக் கனத்த குரலுக்கு எதிரே இவருடைய மெல்லிய குரல் துளிகூட அமுங்கவில்லை, பின்வரிசையில் இருந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. என்னோடு வந்த நண்பர் பாதி நாடகம் வரைக்கும், "ஜெசிகா ஏன் இன்னும் யாரையும் பிடிக்கவில்லை?" என்று காதைக் கடித்துக்கொண்டே இருந்தார். அந்த நாடகத்தைப் படமாகவும் எடுத்தார்கள், கிடைத்தால் பாருங்கள்.

மேடைப்பித்தன், லண்டன்

ஒரு வரலாற்றுக் குறிப்பு மட்டும் சேர்க்கிறேன். 1983-க்குப் பிறகு அவர் பிராட்வேக்குத் திரும்பியது 2007-இல், 'டூஸ்' நாடகத்தில். 24 வருட இடைவெளி! இங்கே எழுதியிருக்கும் நாம் எல்லோரும் நேரில் பார்த்தது அதற்குப் பிந்தைய காலத்தைத்தான். 2009-இல் இதே ஆர்காட்டி வேடத்துக்கு நியூயார்க்கில் ஐந்தாவது டோனி. 2022 ஜூனில் வாழ்நாள் சாதனைக்கான டோனி அறிவித்தபோது அவரால் வரமுடியவில்லை. அந்த அக்டோபர் 11-இல், 97 வயதுக்கு ஐந்து நாள் இருக்கும்போது போய்விட்டார்.

சும்மா வாசகன், சென்னை

எடிசன் அக்கா, வீண் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இப்போது ஒன்று சொல்லுங்கள், எங்கிருந்து தொடங்குவது?

எடிசன்காரி, நியூ ஜெர்சி

'ஸ்வீனி டாட்' ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோது லாஸ் ஏஞ்சலஸில் எடுத்து, 1982-இல் டிவியில் வந்த பதிவு. முதலில் ஸ்வீனியாக நடித்த லென் கேரியூ அதில் இல்லை, ஜார்ஜ் ஹெர்ன் இருக்கிறார், குறை தெரியாது. அதை முதலில் பாருங்கள், ஜெசிகாவை அப்புறம் பார்க்கலாம்.

ஹாரோ பேத்தி

வெள்ளிக்கிழமை வேண்டாம்.