ஒரு கப் பீநட் பட்டர்னா எத்தனை கிராம்?

செல்லூர் மருமக:
அமெரிக்காவுல இருக்குற நாத்தனார் மக ஒரு பிஸ்கட் செய்முறை அனுப்பியிருந்தா. பீநட் பட்டர் ஒரு கப், சீனி ஒரு கப், முட்டை ஒண்ணு. மைதாவே கிடையாது, அம்புட்டுதான். பாட்டில் விலையைப் பாத்து மலைச்சுப்போய், கீழமாசி வீதியில அரைக் கிலோ நிலக்கடலை வாங்கியாந்தேன். இரும்புச் சட்டியில வறுத்து, தோலைத் தேய்ச்சு, சொளகுல புடைச்சு, மிக்சியில போட்டேன். முதல்ல பொடியாச்சு. அப்புறம் ஜார் ஓரத்துல அப்பிக்கிட்டு நகரவே இல்ல. நிறுத்தி நிறுத்தி, வழிச்சு விட்டு ஓட்டுனதுல எண்ணெய் விட்டு தோசை மாவாட்டம் இளகி வந்துச்சு.

அளக்குறதுலதான் கோட்டை விட்டேன். கப்புக்குப் பதிலா வீட்டு எவர்சில்வர் டம்ளர். கரண்டியில அள்ளிப் போட்டா நடுவுல காத்து நிக்கிது, தட்டுனா இறங்குது, கவுத்தா பாதி டம்ளர்லயே ஒட்டிக்கிருது. பிசைஞ்சா உருட்ட வரல, சொதசொதன்னு இருக்கு. ஓவன்ல வச்சதும் எல்லாம் பரவி ஒரே அடை. மாமியார் எட்டிப் பாத்துட்டு, “இதுக்குச் சட்னி எதுவும் அரைக்கணுமா?”ங்கிறாங்க. கிராம் கணக்கு சொல்லுங்க, டிஜிட்டல் தராசு இருக்கு.

நாகமலை பேக்கர்:
அக்கா, அமெரிக்கக் கப் ஏறக்குறைய 240 மில்லி. பீநட் பட்டர் தண்ணியவிடக் கொஞ்சம் கனம், அதனால கப்புக்கு 258 கிராம். 270ன்னு போடுறவங்களும் உண்டு. நான் 260ன்னு வச்சுக்கிறேன். அரைக் கப் 130, கால் கப் 65. பாட்டில் லேபிள்ல ரெண்டு டேபிள்ஸ்பூன் 32 கிராம்னு போட்டிருந்தா அதுவும் இதே கணக்குதான், ஒரு கப்புக்கு 16 டேபிள்ஸ்பூன். பாதாம்ல அரைச்சா 250. சீனி கப்புக்கு 200.

செல்லூர் மருமக:
சரி தம்பி. ஆனா கடலையையும் சீனியையும் ஒரே டம்ளர்லதானே அளந்தேன்? சின்ன டம்ளர்னா ரெண்டும் சேந்துதானே குறையும்?

பரங்குன்றம் வாத்தியார்:
முட்டை குறையலையேம்மா! அந்த டம்ளரைத் தராசுல வச்சு, சைபர் ஆக்கிட்டு, விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்துங்க. தண்ணி ஒரு கிராம்னா ஒரு மில்லி.

செல்லூர் மருமக:
ஊத்திட்டேன் சார். 180.

பரங்குன்றம் வாத்தியார்:
ஆக முக்கால் கப்தான். கடலை சுமார் 195 கிராம், சீனி 150. அதுக்கு முக்கால் முட்டை போதும், நீங்க முழுசா உடைச்சு ஊத்திட்டீங்க. போதாததுக்கு டம்ளர்ல ஒட்டுனது வேற கணக்குல வராமப் போச்சு. முப்பத்தஞ்சு வருஷம் விகித சமம் நடத்துனேன், ஒரு பயலும் இப்படி ஒரு கணக்கு கொண்டுவரல.

நாகமலை பேக்கர்:
இன்னொண்ணுக்கா. மிக்சியில இருந்து எடுத்த சூட்டோட கலக்காதீங்க, ரொம்ப இளகி இருக்கும். ஆறட்டும். மேல எண்ணெய் மிதந்தா அடி வரைக்கும் கிண்டிட்டு நிறுங்க, இல்லன்னா முதல் கரண்டி பூரா எண்ணெய்தான். கலக்குற சட்டியையே தராசுல வச்சு நேரா அதுலயே அள்ளிப் போட்டுட்டா ஒட்டுற தொல்லையே கிடையாது.

செல்லூர் மருமக:
நேத்து சாயங்காலம் மறுபடி போட்டேன். கடலை 260, சீனி 200, முட்டை ஒண்ணு, ஒரு சிட்டிகை உப்பு. எலுமிச்சங்காய் அளவு உருட்டி, முள்கரண்டியால அமுக்கி, 180 டிகிரியில 12 நிமிஷம். எடுத்த உடனே தொட்டா உதிருது, ஆறுனதும் கெட்டியாயிருச்சு. 24 வந்துச்சு. மாமியார் ஒண்ணும் சொல்லல, ஆனா டப்பாவுல இப்ப 15தான் இருக்கு.