தொப்புள்கொடி இரத்தத்து டி-ரெக் கலங்கள்: சிடி25 மட்டும் பார்த்தால் போதுமா?

வெள்ளவத்தை_லேப்
வணக்கம். கொழும்பில் ஒரு கருத்தரங்குக்காகத் தயார்ப்படுத்துகிறேன். கலமாற்றுக்குப் பின் கொடையாளியின் கலங்கள் நோயாளியைத் தாக்கும் ஜிவிஎச்டியைத் தடுக்க, நோயெதிர்ப்பை அடக்கிவைக்கும் டி கலங்களான டி-ரெக் கொடுக்கும்போது, வளர்ந்தவர் இரத்தத்தை விட்டுத் தொப்புள்கொடியைத் தேடுவது ஏன்? டி-ரெக்கில் குறைவாக இருக்கும் சிடி127 என்ற மேற்பரப்புப் புரதத்தைப் பார்க்காமல், அதில் மிகுந்திருக்கும் சிடி25ஐக் காந்த மணிகளால் பிடிக்கும் பிரிப்பு ஒன்றே போதுமா? வளர்த்தபின் டி-ரெக்கின் அடையாளப் புரதமான ஃபாக்ஸ்பி3 90 வீதக் கலங்களில் இருந்தால் தூய்மை என்று எடுக்கலாமா?

குழியவியல்
வளர்ந்தவர் இரத்தத்தில் நினைவு டி கலங்களும் நடுத்தரமாகச் சிடி25ஐக் காட்டும். எங்கே வெட்டுவது என்று தெரியாது. தொப்புள்கொடியில் அநேகமாக எல்லாமே அனுபவமில்லாத டி கலங்கள், ஆகவே சிடி25 மிகுந்தவை தனியாகத் தெரியும். அதனால்தான் ஒரே பிரிப்பு போதுமாகிறது. மணிகளை அளவுக்கு மேல் இட்டால் சிடி25 குறைந்தவையும் ஒட்டும், அளந்து இடுங்கள்.

சிக்கல் எண்ணிக்கையில்தான். ஒரு பையில் கிடைப்பது சில மில்லியன். சிடி3, சிடி28 எதிர்ப்புடல் மணிகளும் மில்லிலீற்றருக்கு 300 அலகு ஐஎல்-2 என்ற வளர்ச்சிப் புரதமும் இட்டு இரண்டு, மூன்று கிழமை வளர்க்க வேண்டும். தொடக்கத்தில் நுழைந்த சாதாரண டி கலம் டி-ரெக்கை முந்தி வளரும், இதற்குத்தான் பலர் சாதாரண டி கலத்தை அடக்கும் ராபமைசின் (சிரோலிமஸ்) சேர்க்கிறார்கள். இரத்தம் பழசானால் இறந்த கலங்களின் டிஎன்ஏ கட்டிபட்டு காந்தப் பிரிப்பு நிரலை அடைக்கும். கருவுள்ள செங்குழியங்களும் ஃபைகோல் அடர்த்திப் பிரிப்பில் முழுதாகக் கழியாது, எண்ணும்போது கவனம்.

மெதிலேற்றம்
கடைசிக் கேள்விக்கு: இல்லை. தூண்டப்பட்ட சாதாரண டி கலமும் கொஞ்ச நாளுக்கு ஃபாக்ஸ்பி3 காட்டும், சிடி127ஐயும் குறைக்கும். வளர்ப்பின் முடிவில் இரண்டையும் நம்பினால் ஏமாறுவீர்கள். ஃபாக்ஸ்பி3 மரபணுவின் டிஎஸ்டிஆர் என்ற கட்டுப்பாட்டுப் பகுதியில் மெதில் (டிஎன்ஏவில் ஒட்டும் வேதிக்குறி) நீங்கியுள்ளதா என்று பாருங்கள், நிலையான டி-ரெக்கில்தான் அது நீங்கியிருக்கும். அந்த மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால், பெண் குழந்தையின் இரத்தமென்றால் ஒரு எக்ஸ் அடங்கி மெதிலோடு கிடக்கும். சுத்தமான டி-ரெக்கே 50 வீதம்தான் காட்டும். திருத்தாமல் எறிந்துவிட வேண்டாம்!

வெள்ளவத்தை_லேப்
நன்றி. நோயாளி சைக்ளோஸ்போரின் என்ற நோயெதிர்ப்பு அடக்கி மருந்தில் இருந்தால்?

குழியவியல்
அது ஐஎல்-2 உற்பத்தியை அடக்கும், டி-ரெக்குக்கு அதுவே உணவு. சிரோலிமஸ் ஒத்துப்போகும். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகக் குழு 2011இல் வெளியிட்ட சோதனையில் 23 பேருக்குத் தொப்புள்கொடி டி-ரெக் கொடுத்தபோது 2 முதல் 4ஆம் தர அக்யூட் ஜிவிஎச்டி 43 வீதம், டி-ரெக் பெறாத முன்னைய நோயாளரில் 61. 2016இல் வெளியானதில் சிரோலிமஸோடு, கிலோவுக்கு 10 கோடி கலம் வரை கொடுத்த 11 பேரில் 9 வீதம், ஒப்பீட்டுக் குழுவில் 45. இரண்டுமே குலுக்கல் முறைச் சோதனைகளல்ல, கருத்தரங்கில் அதைச் சொல்லாமல் விடாதீர்கள். உறைய வைத்து இளக்கினால் உயிர்ப்பும், கலத்தை நிணநீர்க்கணுவுக்கு வழிநடத்தும் சிடி62எல்லும் குறையும், ஆகவே வளர்த்ததைப் புதிதாகவே ஏற்றுவது நல்லது.