ரேடிகல் ரெட்டில் மிஸ்டியைக் கடக்க முடியவில்லை: கணினி ஏமாற்றுகிறதா, விதிகளே வேறா?

கேள்வி (செருலியன்வாசி)

வணக்கம். கேம் பாய் அட்வான்ஸுக்காக 2004ஆம் ஆண்டு வெளிவந்த போக்கிமான் ஃபயர் ரெட் ஆட்டம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அந்தத் துணிவில், அதன் மீது ரசிகர்கள் கட்டியெழுப்பிய ரேடிகல் ரெட் என்ற மாற்று ஆட்டத்தைத் தொடங்கியிருக்கிறேன். நிலப்பரப்பு அதே கான்டோதான். எந்தப் பாதை எந்த ஊருக்குப் போகும் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. ஆனால் சண்டை தொடங்கிவிட்டால் நான் அறிந்தபடி எதுவும் நடப்பதில்லை.

மூல ஆட்டத்தில் செருலியன் நகரத்துப் போட்டிக்கூடத்தின் தலைவி மிஸ்டியிடம் 18ஆம் நிலையில் ஒரு ஸ்டார்யூ, 21ஆம் நிலையில் ஒரு ஸ்டார்மி என்ற இரண்டு நீர் வகைப் போக்கிமான்கள் மட்டுமே இருந்தன; புல் வகையில் ஒன்றை ஓரளவு வளர்த்துக்கொண்டு போனால் போதும். இங்கே அவருடைய அணி பெரிது, நான் புல் வகையை இறக்கினால் எதிரணி உடனே ஆளை மாற்றிவிடுகிறது. காட்டில் சுற்றித் திரிந்து நிலையை உயர்த்திக்கொள்ளலாம் என்றால், ஓர் எல்லைக்கு மேல் அனுபவப் புள்ளிகள் ஏறவே மறுக்கின்றன. வழியில் சந்தித்த ஒரு ஜியோடியூட், நான்கு மடங்கு பாதிக்க வேண்டிய நீர்த் தாக்குதலை வாங்கிய பிறகும் ஒரே ஒரு உயிர்ப்புள்ளியோடு நின்றது. கிளஃபேரியின் மீது ஏவிய டிராகன் தாக்குதல் துளியும் பலிக்கவில்லை.

என் கேள்வி இதுதான்: நான் அழுத்தும் பொத்தானை முன்கூட்டியே பார்த்துக் கணினி ஏமாற்றுகிறதா, அல்லது எனக்குத் தெரியாமல் விதிகள் மாறியிருக்கின்றனவா? மாறியிருந்தால், எவற்றை மறந்துவிட்டு எவற்றைப் புதிதாகக் கற்க வேண்டும்?

பதில் (கணக்குப்பிள்ளை)

நீங்கள் சொன்னவற்றில் எதுவும் ஏமாற்று அல்ல, நண்பரே. நீங்கள் மனப்பாடம் செய்திருப்பது, ஃபயர் ரெட் சேர்ந்த மூன்றாம் தலைமுறைப் போக்கிமான் ஆட்டங்களின் விதிகள். ரேடிகல் ரெட் அந்தத் தலைமுறையின் நிலப்பரப்பை வைத்துக்கொண்டு, பின்னால் வந்த தலைமுறைகளின் போர்விதிகளை அதற்குள் நிறுவியிருக்கிறது. பழைய ஆட்டத்தை நன்றாக அறிந்தவருக்குத்தான் இதில் தடுமாற்றம் அதிகம், ஏனென்றால் புதிதாக வருபவர் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் உடல் தாக்குதல், சிறப்புத் தாக்குதல் என்ற பிரிவைப் பற்றியது. ஃபயர் ரெட்டில் ஒரு தாக்குதல் எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதை அதன் வகையே தீர்மானித்தது. நெருப்பு, நீர், புல், மின்சாரம், பனி, மனோசக்தி, டிராகன், இருள் ஆகிய எட்டும் சிறப்புத் தாக்குதல்கள். மற்றவை அனைத்தும் உடல் தாக்குதல்கள். இதன் விபரீதத்தைப் பார்க்க ஹிட்மான்சானை எடுத்துக்கொள்ளுங்கள். குத்துச்சண்டை வீரனாகவே படைக்கப்பட்ட அந்தப் போக்கிமானின் தாக்குதல் அளவு 105, சிறப்புத் தாக்குதல் அளவு வெறும் 35. அதன் அடையாளமான நெருப்புக் குத்து, பனிக் குத்து, இடிக் குத்து மூன்றும் வகையின் காரணமாகச் சிறப்புத் தாக்குதல்களாகக் கணக்கிடப்பட்டதால், கையை ஓங்கிக் குத்திய குத்து அந்த 35இன் வலிமையோடு மட்டுமே எதிரியின் மீது விழுந்தது. கியாரடோஸின் கதையும் அதுவே: 125 என்ற தாக்குதல் அளவை வைத்துக்கொண்டு, தன் சொந்த நீர் வகையில் சிறப்புத் தாக்குதல் அளவான 60ஐ நம்பி வாழ்ந்தது. மறுபுறம் கெங்கருக்குச் சிறப்புத் தாக்குதல் 130. ஆனால் பேய் வகையும் நஞ்சு வகையும் உடல் தாக்குதல்களாக இருந்ததால், ஷேடோ பால் என்ற பேய் வகைத் தாக்குதல் அதன் பலவீனமான தாக்குதல் அளவு 65ஐக் கொண்டே கணக்கிடப்பட்டது.

2006இல் ஜப்பானில் வெளிவந்த டைமண்டு, பேர்ல் ஆட்டங்களில் இந்த ஏற்பாடு கைவிடப்பட்டு, ஒவ்வொரு தாக்குதலுக்கும் தனித்தனியே பிரிவு குறிக்கப்பட்டது. ரேடிகல் ரெட்டும் அதையே பின்பற்றுகிறது. ஆகவே, நீங்கள் பழைய நினைவில் ஒதுக்கிவைக்கும் போக்கிமான்கள் பல இங்கே தூண்களாக நிற்கும். எதிரணியில் நீங்கள் அலட்சியமாகப் பார்க்கும் ஸ்னீசல் போன்றவை ஒரே அடியில் உங்களைச் சாய்க்கும். தாக்குதல் விவரப் பக்கத்தில் பிரிவைக் காட்டும் குறியீடு இருக்கிறது. எந்தத் தாக்குதலையும் கற்பிக்கும் முன் அதைப் பாருங்கள்.

ஜியோடியூட் பிழைத்ததற்குக் காரணம் ஸ்டர்டி என்ற திறன். மூன்றாம் தலைமுறையில் அது ஒரே அடியில் வீழ்த்தும் ஒருசில தனித் தாக்குதல்களை மட்டுமே தடுத்தது. ஐந்தாம் தலைமுறையிலிருந்து, உயிர்ப்புள்ளிகள் முழுமையாக இருந்தால் எந்த அடியையும் ஒரு புள்ளியோடு தாங்கிவிடும். கிளஃபேரி 2013இல் அறிமுகமான தேவதை வகைக்கு மாறிவிட்டது. அந்த வகையின் மீது டிராகன் தாக்குதல் பலிக்காது. இந்த ஒரு வகையின் வருகையால் நஞ்சுத் தாக்குதல்களுக்கும் மதிப்பு வந்திருக்கிறது, ஏனென்றால் ஃபயர் ரெட்டில் புல் வகையைத் தவிர வேறு எதையும் கூடுதலாகப் பாதிக்காத நஞ்சு, இங்கே தேவதை வகையையும் சேர்த்து வீழ்த்துகிறது. பேய், இருள் ஆகிய இரண்டு வகைகளின் மீதும் கொண்டிருந்த எதிர்ப்பை எஃகு வகை இழந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். எஃகை நம்பித் தற்காக்கும் பழக்கம் இருந்தால் இது சுடும்.

அனுபவப் புள்ளிகள் ஏறாதது பிழையன்று, திட்டமிட்ட நிலை வரம்பு. போட்டிக்கூடத் தலைவரை வென்றால் கிடைக்கும் ஒவ்வொரு பட்டயத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. அடுத்த பட்டயத்தை வெல்லும் வரை அதற்கு மேல் வளர்க்க முடியாது. மூல ஆட்டத்தில் சார்மண்டரை 13ஆம் நிலைக்குக் கொண்டுபோய், அது மெட்டல் க்ளா என்ற எஃகுத் தாக்குதலைக் கற்றதும் முதல் போட்டிக்கூடத் தலைவர் ப்ராக்கை நசுக்கிய அந்த வழியை ஆக்கியோர் தெரிந்தே அடைத்திருக்கிறார்கள். நிலையால் வெல்ல முடியாது. அணியின் அமைப்பால்தான் வெல்ல வேண்டும்.

பதில் (பழைய கேட்ரிட்ஜ்)

மேலே எழுதியவர் விதிகளைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனால் ஒரு சந்தேகத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன்: உங்களுக்கு உண்மையில் இந்த ஆட்டம்தான் வேண்டுமா?

கணினி ஏமாற்றுவதைப் பற்றிக் கேட்டீர்கள். அதிகாரபூர்வ ஆட்டங்களே அந்தக் கலையில் தேர்ந்தவை. டிராகனேர் 55ஆம் நிலையில்தான் டிராகனைட்டாக மாறும் என்று நமக்குக் கட்டளையிட்ட கோல்டு, சில்வர் ஆட்டங்களில், சாம்பியன் லான்ஸ் 47ஆம் நிலை டிராகனைட்டுகள் இரண்டையும் 50ஆம் நிலை டிராகனைட் ஒன்றையும் வைத்துக்கொண்டு கூச்சமின்றி நின்றார். ரேடிகல் ரெட்டின் எதிராளிகள் ஏமாற்றுவதைவிட நன்றாக விளையாடுகிறார்கள் என்பதே சரி: பாதகமான நிலையில் ஆளை மாற்றுகிறார்கள், பொருத்தமான பொருளைக் கையில் கொடுத்திருக்கிறார்கள், களத்தில் இறங்குபவரைக் குத்தும் கூரிய கற்களான ஸ்டெல்த் ராக்கை விரித்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். அந்தக் கற்கள் விரிந்திருக்கும் களத்தில் சாரிசார்டு ஒருமுறை இறங்கினாலே பாதி உயிர் போய்விடும். போட்டி ஆட்டங்களில் பழகியவர்களுக்கு இது அல்வா. சிறு வயதில் விளையாடிய நிலத்தில் மீண்டும் நடந்து பார்க்க வேண்டும் என்று வருபவருக்கு, ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் ஆவணத்தைத் திறந்து எதிரணியைப் படிக்க வேண்டிய கட்டாயம் அலுவலக வேலையைப் போல இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

அதனால் இரண்டு மாற்றுகளைச் சொல்கிறேன். போக்கிமான் அன்பவுண்டும் ஃபயர் ரெட்டின் மீது எழுப்பப்பட்டதே. ஆனால் அது போரியஸ் என்ற புதிய நிலப்பரப்பையும் சொந்தக் கதையையும் கொண்டது, கடினத்தன்மையைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்க விடுகிறது. நிண்டெண்டோ டிஎஸ் ஆட்டங்களில் நாட்டம் இருந்தால், டிரயானோ என்ற புனைபெயரில் இயங்குபவர் பிளாட்டினத்தை வைத்து உருவாக்கிய ரெனகேடு பிளாட்டினத்தைப் பாருங்கள். மூலத்தின் கதையைக் கலைக்காமல், பல வகைப் போக்கிமான்களைத் தொடக்கத்திலிருந்தே கிடைக்கச் செய்து, சவாலையும் அளவோடு உயர்த்தியிருக்கிறது. இரண்டிலும் பழைய விதிகள் இல்லை என்றாலும், தவறுக்கு விலை இவ்வளவு கடுமையாக இல்லை.

பதில் (கணக்குப்பிள்ளை)

அன்பவுண்டைப் பரிந்துரைப்பதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் ஆவணத்தைப் படிப்பது அலுவலக வேலை என்பதை ஏற்க மாட்டேன். இந்த ஆட்டத்தின் சுவையே அந்தத் தயாரிப்பில்தான் இருக்கிறது. தோற்ற பிறகு எதிரணியின் வேகத்தையும் திறன்களையும் பார்த்து, ஆறு இடங்களில் இரண்டை மாற்றி அமைத்து, மறுமுறை வெல்லும்போது கிடைக்கும் நிறைவு, நிலையைக் கூட்டி நசுக்குவதில் வருவதில்லை. வேண்டுமானால் ரேடிகல் ரெட்டிலும் எளிய முறை உண்டு. போக்கிமானின் அளவுகளை உயர்த்தும் பயிற்சிப் புள்ளிகளைச் சேர்க்கும் சலிப்பைத் தவிர்க்கும் முறையும் உண்டு. ரசிகர்கள் இந்த ஆட்டத்தின் எண்களுக்கேற்ப மாற்றியமைத்த பாதிப்புக் கணிப்பான் ஒன்றும் இணையத்தில் இயங்குகிறது.

மிஸ்டிக்காக ஒரே ஒரு குறிப்பு: புல் வகை ஒன்றை நம்புவதை விடுங்கள். நீங்கள் புல்லை இறக்குவீர்கள் என்பதை முன்னிட்டே அந்த அணி அமைக்கப்பட்டிருக்கிறது. மின்சார வகை ஒன்றையும் பின்னால் வைத்துக்கொண்டு, எதிரணி ஆளை மாற்றும் அந்தச் சுற்றில் உங்கள் அணியை வலுப்படுத்தும் நகர்வு ஒன்றைச் செய்யுங்கள். கணினி ஆளை மாற்றும்போது அடிக்காது. அந்த ஒரு சுற்று உங்களுக்கு இலவசம்.

பதில் (செருலியன்வாசி)

இருவருக்கும் நன்றி. அன்பவுண்டைப் பிறகு பார்க்கிறேன். இதை விட்டுவிட மனம் வரவில்லை. இன்னொரு சிக்கல் இருக்கிறது. நான் வைத்திருப்பது பழைய பதிப்பு. புதிய பதிப்பின் பேட்ச் கோப்பை, அதாவது மூல ஆட்டத்தில் செய்ய வேண்டிய மாற்றங்களை மட்டும் கொண்ட கோப்பைப் பொருத்தப் பார்த்தால், மூலக் கோப்பு பொருந்தவில்லை என்ற செய்தி வருகிறது. அதைக் கடந்துவிட்டாலும், இதுவரை ஆடியது வீணாகாமல் புதிய பதிப்புக்குக் கொண்டுபோக முடியுமா? கணினியில் வேறொரு பழைய எமுலேட்டரில் (கேம் பாயைப் போல நடித்து ஆட்டத்தை ஓட்டும் செயலி) சோதித்தபோது, ஒரு மெகாபிட் துணைச் சர்க்யூட் பலகை பொருத்தப்படவில்லை என்ற விசித்திரமான ஆங்கிலச் செய்தியும் வந்தது.

பதில் (பிட்டும் பைட்டும்)

மூன்றுக்கும் தனித்தனிக் காரணங்கள் உள்ளன.

யூபிஎஸ், பிபிஎஸ் வகைப் பேட்ச் கோப்புகள் தாம் எந்த மூலத்தின் மீது பொருத்தப்பட வேண்டும் என்பதற்கான சரிபார்ப்பு எண்ணைத் தமக்குள்ளேயே வைத்திருக்கும். ஃபயர் ரெட்டின் அமெரிக்கப் பதிப்பே 1.0, 1.1 என்று இரண்டு உண்டு; இந்த ஆட்டத்துக்குத் தேவை 1.0. அதைவிட அடிக்கடி நேர்வது, ஏற்கெனவே பேட்ச் செய்யப்பட்ட பழைய பதிப்பின் மீதே புதிய பேட்சைப் பொருத்த முயல்வது. ஒவ்வொரு முறையும் தீண்டப்படாத மூலத்திலிருந்தே தொடங்க வேண்டும். பழைய ஐபிஎஸ் வகையில் இந்தச் சரிபார்ப்பு கிடையாது, 16 மெகாபைட்டுக்கு அப்பாலுள்ள முகவரியை எழுதவும் அதற்கு இயலாது. ஃபயர் ரெட்டே 16 மெகாபைட் என்பதால், அதை 32க்கு விரிக்கும் பெரிய மாற்று ஆட்டங்கள் அந்த வகையைக் கைவிட்டுவிட்டன. மூலக் கோப்பை உங்கள் சொந்தக் கேட்ரிட்ஜிலிருந்து எடுங்கள். ஆக்கியோர் ஆட்டத்தை முழுதாகத் தராமல் மாற்றங்களை மட்டும் பேட்சாகத் தருவதற்கும் இதே உரிமைச் சிக்கல்தான் காரணம், அதுவும் முழுப் பாதுகாப்பன்று: கிரிஸ்டல் ஆட்டத்தின் மீது பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கப்பட்ட போக்கிமான் பிரிசம், 2016 டிசம்பரில் வெளியீட்டுக்குச் சில நாட்களே இருந்தபோது நிண்டெண்டோ தரப்பின் சட்ட அறிவிப்பால் நிறுத்தப்பட்டது.

துணைச் சர்க்யூட் பலகை பற்றிய செய்தி ஃபயர் ரெட்டுக்கே உரியது. அந்தக் கேட்ரிட்ஜ் 128 கிலோபைட் ஃபிளாஷ் நினைவகத்தில் சேமிக்கிறது. ஒரு மெகாபிட் என்பதும் அதே அளவுதான். பழைய எமுலேட்டர்கள் அதை 64 என்று தவறாகக் கொள்ளும்போது ஆட்டம் இப்படி முறையிடுகிறது. அமைப்புகளில் சேமிப்பு வகையை ஃபிளாஷ் 128 என்று மாற்றுங்கள், அல்லது எம்ஜிபிஏ என்ற எமுலேட்டரைப் பயன்படுத்துங்கள்.

இனி உங்கள் ஆட்டத்தைக் கொண்டுபோவது. எமுலேட்டர் தரும் நிலைப்பதிவும், ஆட்டத்துக்குள் மெனுவில் சேமிப்பதும் ஒன்றல்ல. நிலைப்பதிவு என்பது கருவியின் நினைவகத்தை அந்த நொடியில் அப்படியே எடுத்த படம். ஆட்டக் கோப்பில் எந்த நிரல் எந்த முகவரியில் இருக்கிறது என்ற குறிப்புகளும் அதில் அடங்கியிருக்கும். புதிய பதிப்பில் நிரல்கள் இடம் மாறியிருப்பதால், பழைய நிலைப்பதிவை அதில் திறந்தால் திரை உறைந்துவிடும், அல்லது அதைவிட மோசமாக, ஓடுவது போலத் தோன்றி உள்ளே சிதைந்துகொண்டிருக்கும். ஆட்டத்துக்குள் சேமித்தது அப்படியல்ல; அது உங்கள் அணி, பை, பட்டயங்கள் போன்ற விவரங்களை மட்டுமே வைத்திருக்கிறது. ஆகவே பழைய பதிப்பில் ஒரு போக்கிமான் மையத்துக்குள் நின்று மெனு வழியாகச் சேமியுங்கள். வெளியே நின்றால், அந்த வரைபடம் புதிய பதிப்பில் திருத்தப்பட்டிருக்கும்போது சுவருக்குள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பிறகு புதிய ஆட்டக் கோப்புக்குப் பழையதன் பெயரையே வைத்தால், சேவ் கோப்பை எமுலேட்டர் தானாகவே எடுத்துக்கொள்ளும். திறந்ததும் தொடர்க என்பதைத் தேர்ந்தெடுங்கள், நிலைப்பதிவைத் தொடாதீர்கள்.

ஆனால் எல்லாப் புதிய பதிப்புகளும் பழைய சேவை ஏற்பதில்லை. ஆக்கியோரின் வெளியீட்டுக் குறிப்பில் அதைத் தெளிவாகச் சொல்லியிருப்பார்கள். முதலில் அதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். சேவ் கோப்பின் நகல் ஒன்றை வேறு இடத்தில் வைத்துக்கொண்டு, புதிய பதிப்பில் மிஸ்டியைத் தாண்டும் வரை அதை அழிக்காமல் இருங்கள்.